புதுப்பிப்பு: ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு

கம்ப்யூட்டரை ஆன் செய்தால் ஃபேன் சுற்றும், திரையில் எதுவும் வராது: இந்தக் கோளாறுக்கு முன்பு ரேமை (நினைவகப் பட்டையை) கழற்றி மாட்டச் சொல்லியிருந்தேன். அதற்கு முன்பே பார்க்க வேண்டியதை விட்டுவிட்டேன்: பிராசஸருக்கான (சிபியு) தனி பவர் கேபிள். மதர்போர்டில் (பாகங்களெல்லாம் இணையும் முதன்மைப் பலகை) 24 பின் கேபிளை மட்டும் செருகினாலே ஃபேன் ஓடும். ஆனால் பிராசஸர் வேலை செய்யாது. சுவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டின் மேல் மூலையிலுள்ள 8 பின் சாக்கெட்டில் ‘சிபியு’ என்று குறித்த 4+4 (இரண்டு நான்கு பின் துண்டுகள் சேர்ந்த) கேபிளை ‘கிளிக்’ கேட்கும்வரை அழுத்துங்கள்.

கிராபிக்ஸ் கார்டின் (திரைக்குப் படம் அனுப்பும் அட்டை) 6+2 கேபிளும் 8 பின்தான். அதை இங்கே திணிக்கவே கூடாது! அதில் 12 வோல்ட் பின்களும் எர்த் பின்களும் இடம் மாறியிருப்பதால் ஷார்ட் ஆகிவிடும்.

தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அதில்தான், மதர்போர்டில் அல்ல. நான்கு ஸ்லாட்டில் இரண்டு ரேம் என்றால், பெரும்பாலும் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி 2, 4 ஆவது ஸ்லாட்டில் மாட்ட வேண்டும்.