மெரினா வான்சாகசம்: ஆண்டுதோறும் நடத்தலாமா, கூடாதா?

கடற்காற்று:
2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் இந்திய விமானப்படை நடத்திய வான்சாகச நிகழ்ச்சியின் காணொளிகளை மீண்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். 72 விமானங்கள். ரஃபேல், தேஜஸ், சுகோய் என்று எல்லாம் வந்தன. ஆனால் என்னை உலுக்கியது விமானப்படையின் கூட்டுப் பறப்புக் குழுவான சூரியகிரண்தான். இறக்கைக்கும் இறக்கைக்கும் இடையே ஐந்து மீட்டர்கூட இல்லாமல் ஒன்பது ஹாக் விமானங்கள் ஒரே உடலாகச் சாய்ந்து திரும்புகின்றன. கண்ணால் பார்த்த பிறகும் மனம் நம்ப மறுக்கிறது. பெங்களூரு ஏரோ இந்தியா விமானக் கண்காட்சிக்குப் போய் டிக்கெட் எடுக்க வசதியில்லாத பிள்ளைகள் மணலில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். இதைச் சென்னையில் ஆண்டுதோறும் நடத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தரைப்பார்வை:
அதே நாளில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். உங்கள் பதிவில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. காலை 11 மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் 1 மணி வரை, நிழலே இல்லாத மணலில், லட்சக்கணக்கானோர் வெயிலில் நின்றார்கள். இதை ஆண்டுதோறும் நடத்தச் சொல்கிறீர்களா?

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. 1988 ஆகஸ்ட் 28, ஜெர்மனியின் ராம்ஸ்டைன் தளம். இத்தாலியக் குழுவின் விமானங்கள் வானில் இதய வடிவம் வரைந்துகொண்டிருந்தபோது மோதின. ஒன்று பார்வையாளர்கள் மீதே விழுந்தது. 70 பேர் இறந்தார்கள். 2002இல் உக்ரைனின் லிவிவ் நகரில் சுகோய்-27 கூட்டத்துக்குள் பாய்ந்து 77 பேர் இறந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு இந்த விலை ஏன்?

சூலூர்வாசி:
நண்பரே, இறந்தவர்களுக்காக நீங்கள் பேசுவதை மதிக்கிறேன். ஆனால் இரண்டு வேறு ஆபத்துகளை ஒன்றாகக் கட்டுகிறீர்கள். மெரினாவில் விமானத்தால் ஒருவருக்குக் கீறல்கூட விழவில்லை. ராம்ஸ்டைனில் தனி விமானம் கூட்டத்தை நோக்கிப் பறந்து வரும்படி அந்தக் காட்சி அமைக்கப்பட்டிருந்தது. அதன் பிறகுதான் ஐரோப்பாவில் விதிகள் கடுமையாயின. கூட்டத்துக்கும் பறக்கும் கோட்டுக்கும் இடையே தூரம் கூட்டப்பட்டது. கூட்டத்தை நோக்கிப் பாயும் காட்சிகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. மெரினாவில் பறக்கும் கோடு கடலின் மேல் இருக்கிறது. தவறு நேர்ந்தால் விமானம் விழுவதற்குக் கடல் இருக்கிறது, வீடுகள் இல்லை. இந்த வசதி உலகில் பல நகரங்களுக்கு வாய்க்காது.

இயந்திரப்பித்தன்:
விவாதத்தின் நடுவே ஒன்று. சூரியகிரணை மட்டும் தலையில் வைத்துக் கொண்டாடுவது சரியில்லை. சுகோய்-30 எம்கேஐ தனியாகச் செய்வதைப் பாருங்கள். எஞ்சினின் புகைவாயையே திருப்பி உந்துவிசையின் திசையை மாற்றும் விமானம் அது. 1989இல் பாரிஸ் லெ பூர்ஜே கண்காட்சியில் விக்டர் புகச்சேவ் அதன் முன்னோடியான சுகோய்-27ஐ நாகம் படமெடுப்பதுபோல் நிமிர்த்திக் காட்டினார். மூக்கு செங்குத்தையும் தாண்டிப் பின்னால் சாய்ந்தது. விமானம் உயரம் ஏறாமல் அப்படியே முன்னே போனது. பிறகு மூக்கு தணிந்து பழைய நிலைக்கு வந்தது. புகைவாயைத் திருப்பும் வசதி அந்த விமானத்தில் கிடையாது. அதுதான் வியப்பின் உச்சம்.

கடற்காற்று:
அது வடிவமைப்பாளரின் வெற்றி. விமானிக்கும் அதில் பங்குண்டு, மறுக்கவில்லை. கூட்டுப் பறப்பில் விமானியைக் காப்பாற்ற எந்த இயந்திரமும் வராது. தலைமை விமானி மட்டும்தான் தரையையும் அடிவானத்தையும் பார்க்கிறார். மற்ற எட்டுப் பேரும் பக்கத்து விமானத்தின் குறிப்பிட்ட ஒரு புள்ளியில் கண்ணைப் பதித்திருக்கிறார்கள். தாங்கள் தலைகீழாக இருக்கிறோமா என்பதைக்கூட வெளியே பார்த்துச் சரிபார்க்க நேரமில்லை. தலைவரின் குரல், அந்தப் புள்ளி, நொடிக்குப் பலமுறை நுட்பமாகத் திருத்தும் கை, அவ்வளவுதான். உடல் எடை பல மடங்காகி அழுத்தும் திருப்பங்களிலும் அந்தக் கை நடுங்கக் கூடாது. தலைவர் தவறினால் எல்லோரும் தவறுவார்கள். தெரிந்தே அவரை நம்புகிறார்கள்.

நம்ம சூலூர் விமானப்படைத் தளத்தில் இருக்கும் சாரங் குழுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துருவ் ஹெலிகாப்டர்களை அவ்வளவு நெருக்கமாகப் பறக்கவிடும் குழுக்கள் உலகில் மிகச் சில.

தரைப்பார்வை:
இதைத்தான் நானும் கேட்கிறேன். இத்தனை திறமைசாலிகளை ஏன் இழக்க வேண்டும்? 2019 பிப்ரவரி 19, பெங்களூரு யெலஹங்கா தளம். ஏரோ இந்தியாவுக்கு முந்தைய நாள் ஒத்திகையில் சூரியகிரணின் இரண்டு ஹாக் விமானங்கள் மோதி விங் கமாண்டர் சாஹில் காந்தி இறந்தார். 2025 நவம்பர் 21, துபாய். காட்சிப் பறப்பில் தேஜஸ் விழுந்து விங் கமாண்டர் நமான்ஷ் சியால் இறந்தார். அவர் உடல் உங்கள் சூலூருக்குத்தான் முதலில் வந்தது. போரில் இல்லை, கைதட்டலுக்காக. அந்தக் குடும்பங்களிடம் போய் உலகத்தரம் என்று சொல்ல முடியுமா?

சூலூர்வாசி:
அந்தச் செய்தி வந்த இரவு இங்கே பலர் தூங்கவில்லை. எனவே இதை இலேசாக எழுதவில்லை.

கைதட்டலுக்காக என்று சொல்லாதீர்கள். நெருக்கமாகப் பறப்பதும் தாழ்வாகத் திருப்புவதும் போர்ப் பயிற்சியின் அடிப்படை. காட்சி நிறுத்தப்பட்டாலும் அவை தொடரும். காட்சியில் கூடுதலாக இருப்பது தாழ்வான உயரம்தான். அதற்கும் எல்லைகள் உண்டு. செங்குத்து வட்டம் போடும் விமானி உச்சியில் உயரத்தையும் வேகத்தையும் சரிபார்க்க வேண்டும். போதவில்லை என்றால் வட்டத்தை முடிக்காமல் விமானத்தைப் புரட்டி நேராக்கி விலக வேண்டும். 2015இல் இங்கிலாந்தின் ஷோரமில் ஹாக்கர் ஹன்டர் விமானம் அந்த எல்லையில் தவறியது. உச்சியில் 3,500 அடி இருக்க வேண்டியது, ஏறத்தாழ 2,700 அடிதான் இருந்தது. வட்டம் நிறுத்தப்படவில்லை. பக்கத்துச் சாலையில் 11 பேர் இறந்தார்கள். அதனால்தான் கடலை மீண்டும் மீண்டும் சொல்கிறேன்.

நேருக்கு நேர் மோத வருவதுபோல் தெரியும் காட்சியிலும் இரண்டு விமானங்களுக்கும் தனித்தனிப் பாதை உண்டு. பக்கவாட்டில் விட்டிருக்கும் இடைவெளி கரையிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. பின்னால் விடும் புகையும் எதிரே வருபவரைத் தொலைவிலேயே அடையாளம் காண உதவுகிறது.

நெய்தல்:
எல்லோரும் வானத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கைக்குழந்தையோடு அந்த மணலில் நின்றவள். குடிநீர் எங்கே கிடைக்கும் என்று சொல்ல ஆளில்லை. ரயில் நிலையத்துக்குத் திரும்பும் வழி அடைத்துக்கொண்டது. என் கேள்வி நேரம் பற்றியது. மெரினா கிழக்கு நோக்கிய கடற்கரை. காலையில் சூரியன் நேராகக் கண்ணில் குத்தும். நண்பகலில் உச்சி மண்டையைப் பிளக்கும். மாலை நான்கு மணிக்கு வைத்தால் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் போய்விடும், விமானங்கள் மீது வெளிச்சம் நன்றாக விழும், கடற்காற்றும் வந்திருக்கும்.

இயந்திரப்பித்தன்:
அக்டோபரில் சென்னை மாலை வானத்தை நம்ப முடியாது, அக்கா. மேகம் தாழ்ந்தால் செங்குத்து வட்டங்களைக் கைவிட்டுத் தட்டையாகப் பறக்கும் மாற்று வரிசைக்குப் போக வேண்டியிருக்கும். பாதி அழகு போய்விடும்.

நெய்தல்:
போகட்டும் தம்பி. தட்டையாகப் பறந்தாலும் என் மகள் கைதட்டுவாள். பிப்ரவரியில் வைத்தால் மேகமும் இருக்காது, இந்த வெயிலும் இருக்காது.

தரைப்பார்வை:
நேரத்தை மாற்றினால் மட்டும் போதாது. ஒரே இடத்தில், ஒரே நாளில், இலவசமாக என்று அறிவித்தால் மீண்டும் அதே கூட்டம்தான் வரும். தாம்பரம் விமானப்படைத் தளத்துக்குள் அனுமதிச்சீட்டு கொடுத்து நடத்தினால் கூட்டத்தை எண்ணி உள்ளே விடலாம்.

சூலூர்வாசி:
தாம்பரத்தைச் சுற்றி வீடுகள். ஷோரமைப் பற்றி இப்போதுதான் எழுதினேன். கடல்தான் வேண்டும். கூட்டத்தைப் பிரியுங்கள்: சனிக்கிழமை மெரினா, ஞாயிற்றுக்கிழமை திருவான்மியூர், நிழற்பந்தல், பகுதி பகுதியாக அடைப்பு, ஒவ்வொன்றுக்கும் இலவச அனுமதிச்சீட்டு.

தரைப்பார்வை:
அந்த ஏற்பாடு முதலில் எழுத்தில் வரட்டும். ஒரு பகுதிக்கு எத்தனை பேர், எத்தனை குடிநீர்த் தொட்டி, ஆம்புலன்ஸ் செல்லத் தனி வழி எது என்று வெளியிடட்டும். அதுவரை ஆண்டுதோறும் என்ற கோரிக்கையை எதிர்ப்பேன்.

கடற்காற்று:
எதிர்த்துக்கொண்டே இருங்கள் ஐயா. நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். நீங்கள் சொன்ன மூன்றையும் என் மனுவில் முதல் பக்கத்திலேயே சேர்க்கிறேன்.