ஏடிஎம்எஸ் சேனல் 7: ஸ்கேன் ஓரத்தில் விழும் குளிர்ச்சியை எப்படித் திருத்துவது?

சிப்புட்_வானம்:
வணக்கம். நோவா-20 செயற்கைக்கோளில் உள்ள ஏடிஎம்எஸ் என்னும் நுண்ணலைக் கருவியின் தரவைக் கொண்டு மலேசியாவின் பேராக், மலாக்கா நீரிணை வட்டாரத்துக்கு மேல்வளி வெப்பநிலைப் படம் போடுகிறேன். சேனல் 7, அதாவது 54.4 கிகாஹெர்ட்ஸ். பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட் ஒரு நாள் செயற்கைக்கோள் பார்க்கும் பாதையின் நடுவில் விழுகிறது, இன்னொரு நாள் ஓரத்துக்குப் போய்விடுகிறது. ஓரத்தில் விழும் நாளில் ஒளிர்வு வெப்பநிலை (கருவி பெறும் கதிர்வீச்சை வெப்பநிலையாகச் சொல்லும் அளவு) 15 கெல்வினுக்கு மேல் குறைவாக இருக்கிறது. ஸ்கேன் கோணத்தின் கோசைனால் வகுத்தால் சரியாகிவிடுமா? இல்லை, ஒவ்வொரு பீமுக்கும் (ஸ்கேன் வரியில் ஒவ்வொரு பார்வைக்கும்) ஒரு நிலையான எண்ணைக் கூட்டிவிடலாமா?

நேர்கீழ்:
கோசைனால் வகுக்கவே கூடாது. 240 கெல்வினைக் கோசைன் 52.7-ஆல் வகுத்தால் 396 வரும். அதில் தோசை சுடலாம்.

கோணம் மாற்றுவது வெப்பநிலையின் அளவை அல்ல, கருவி எந்த உயரத்தைப் பார்க்கிறது என்பதை. ஏடிஎம்எஸ் ஒரு வரியில் 96 பீம்களை எடுக்கிறது. கடைசி பீமின் ஸ்கேன் கோணம் 52.7 டிகிரி. பூமி வளைந்திருப்பதால் தரையிலிருந்து, தலைக்கு நேர் மேலான கோட்டோடு அளந்தால் அது ஏறத்தாழ 64 டிகிரி. கணக்கில் எப்போதும் இந்த இரண்டாவது கோணத்தையே எடுங்கள். இட விவரக் கோப்பில் செயற்கைக்கோள் உச்சிக்கோணம் என்று தனியாகவே இருக்கும். 64 டிகிரியில் காற்றினூடே பாதை 2.28 மடங்கு நீள்கிறது. ஆக்சிஜன் உறிஞ்சுதல் அழுத்தத்தோடு கூடுவதால், சிக்னல் அதிகம் கிளம்பும் உயரம் சுமார் 3 கி.மீ. மேலே ஏறிவிடும். நம் பக்கம் நடு டிரோபோஸ்பியரில் கிலோமீட்டருக்கு 6 கெல்வின் போலக் குறையும். ஆக 15 முதல் 20 கெல்வின் இறங்குவதில் வியப்பில்லை.

எல்லாச் சேனலும் குளிராது என்பதையும் கவனியுங்கள். நம் தலைக்கு மேல் டிரோபோபாஸ், அதாவது உயரத்தோடு வெப்பநிலை குறைவது நிற்கும் எல்லை, 16, 17 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. அதைச் சுற்றிப் பார்க்கும் சேனல் 10-இல் மாற்றம் சொற்பம். அதற்கு மேலே உள்ள உயரத்தைப் பார்ப்பவை ஓரத்தில் சூடாகக் காட்டும். கடல் மேல் 23.8, 31.4 கிகாஹெர்ட்ஸ் சேனல்களும் சூடாகவே காட்டும், ஆனால் காரணம் வேறு: நுண்ணலையில் கடல் குளிர்ந்த பின்னணி, நீண்ட பாதையில் காற்றும் நீராவியும் தம் பங்கைக் கூட்டுகின்றன. இவற்றில் ஸ்கேன் கோணத்தோடு துருவமுனைப்பும் சுழல்கிறது.

பீம்48:
நிலையான எண்ணைக் கூட்டுவது மாத சராசரிப் படத்துக்குப் போதும். அன்றாடப் படத்துக்குப் போதாது. வெப்பநிலைச் சரிவு நாளுக்கு நாள் மாறும்போது திருத்தமும் மாற வேண்டும்.

வழக்கமான வழி, பீம் வாரியான ரிக்ரெஷன், அதாவது தரவுக்குப் பொருந்தும் எடைகளை (கெழுக்களை) கண்டுபிடிப்பது. ஏடிஎம்எஸ்ஸுக்கு முந்தைய ஆம்சு-ஏ கருவிக்கு 2001-இல் கோல்ட்பெர்க் குழு வெளியிட்ட முறையின் சாரம் இதுதான். ஓரத்தில் சேனல் 6 பார்க்கும் உயரம், நடுவில் சேனல் 7 பார்க்கும் உயரத்தை நெருங்குகிறது. ஆகவே ஓரத்துச் சேனல் 6, 7, 8 மூன்றையும் எடை போட்டுக் கலந்தால் நடுப் பீமின் சேனல் 7 கிடைக்கும்.

முதலில் மதிப்புகளை விரியுங்கள்: எஸ்டிஆர் (அளவீட்டுத் தரவு) கோப்பில் 16 பிட் முழு எண்தான் இருக்கும், அதற்கான பெருக்கியும் கூட்டியும் அதே கோப்பில் உண்டு. 65528-உம் அதற்கு மேற்பட்டவையும் வெற்று மதிப்புகள், அவற்றைத் தூக்கிவிடுங்கள். பிறகு சில வார உலகத் தரவை எடுத்து, 2 டிகிரி அட்சரேகைப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பீமுக்கும் சராசரி காணுங்கள். ஒரே பட்டையில் எல்லாப் பீமும் சராசரியாக ஒரே காற்றைத்தான் பார்த்திருக்கும் என்பதே அடிப்படை. நடுவில் உள்ள பீம் 48, 49 சராசரி உங்கள் இலக்கு. சேனல் 1 முதல் 6 வரை கடலுக்கும் நிலத்துக்கும் தனித்தனிக் கெழுக்கள் வேண்டும்.

மலேசியாவைச் சுற்றிய தரவை மட்டும் வைத்துப் பயிற்சி கொடுக்காதீர்கள். இங்கே ஆண்டு முழுவதும் வெப்பநிலை அதிகம் அசையாது; மூன்று சேனலும் சேர்ந்தே ஏறி இறங்கும். கெழுக்கள் +4, -3 என்று பூதாகரமாகி, இரைச்சலைத்தான் பெருக்கும். கெழுக்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். 1.5-ஐத் தாண்டினால் எனக்குச் சந்தேகம் வரும்.

கடலோரம்:
பீம்48 சொன்னதில் ஒரு பொறி உண்டு. சேனல் 6 தரையையும் கொஞ்சம் பார்க்கும். அதைக் கலக்கும்போது கரைக்கோடு சேனல் 7 படத்திலும் ஏறிவிடும். சேனல் 3 முதல் 16 வரை செயற்கைக்கோளுக்கு நேர்கீழே உள்ள பிக்சல் 32 கி.மீ. அகலம். ஓரத்தில் அதுவே 137-க்கு 60 கி.மீ. நீரிணை, பேராக் சமவெளி, மலைத்தொடர் எல்லாம் ஒரே பிக்சலுக்குள் வந்துவிடும். எந்தத் திருத்தமும் அதைப் பிரித்துக் கொடுக்காது. நான் உச்சிக்கோணம் 55 டிகிரிக்கு மேல் போன கரையோரப் பிக்சல்களைத் தூக்கிவிடச் சொல்வேன்.

இன்னொன்று, பாதையின் கிழக்கு ஓரத்துக்கும் மேற்கு ஓரத்துக்கும் சூரிய நேரம் ஏறக்குறைய ஒன்றரை மணி வேறுபடும். செயற்கைக்கோள் பகல் 1:30 சூரிய நேரத்தில் கடக்கிறது, நம் கடிகாரத்தில் 2:45 வாக்கில். மழை மேகம் எழும் நேரமே அது. இடம் வலம் சமமாக இல்லை என்றால் உடனே கருவியைக் குறை சொல்லாதீர்கள்.

சிப்புட்_வானம்:
நன்றி ஐயா. மதிய மழை எந்தத் தோட்டத்துப் பக்கம் வரும் என்று பார்க்க இது உதவுமா? இரைச்சலுக்கு என்ன செய்வது?

நேர்கீழ்:
மழைக்குச் சேனல் 7 வேண்டாம். 88.2, 165.5 கிகாஹெர்ட்ஸில் பனித்துகள் சிதறல் தெளிவாகத் தெரியும். ஆனால் துருவச் சுற்று செயற்கைக்கோள் பகலில் ஒரு முறைதான் வருகிறது. ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டை நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவெடுக்க ஒரே இடத்துக்கு மேல் நிற்கும் ஹிமாவாரி-9 செயற்கைக்கோள் போதும், 10 நிமிடத்துக்கு ஒரு படம்.

இந்தத் திருத்தத்தின் அருமை புயலில்தான் தெரியும். 2001 டிசம்பரில் ஜொகூரில் கரையேறிய வாமே புயல் போல நடுக்கோட்டருகே ஒன்று உருவானால், அதன் வெப்ப மையம் சில கெல்வின்தான் இருக்கும். 15 கெல்வின் ஓரக் குளிர்ச்சியில் அது மூழ்கிவிடும். வானிலைக் கணிப்பு மாதிரிக்குள் தரவைச் செலுத்துவோர் மட்டும் இதைச் செய்யக் கூடாது. ஆர்டிடிஓவி போன்ற கதிர்வீச்சுக் கணிப்பான் கோணத்தைத் தானே கணக்கில் எடுத்துக்கொள்ளும். திருத்திய எண்ணைக் கொடுத்தால் இரட்டைத் திருத்தமாகிவிடும்.

பீம்48:
இரைச்சலுக்கு 3-க்கு 3 சராசரி. பீம் அகலம் 2.2 டிகிரி, எடுக்கும் இடைவெளி 1.11 டிகிரி, பிக்சல்கள் ஏற்கெனவே ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால் இழப்பு குறைவு. சராசரியை முதலில் செய்து, ரிக்ரெஷனைப் பிறகு போடுங்கள். முடிவைச் சோதிக்க ஒரு மாதத் தரவில் பீம் எண்ணுக்கு எதிராகச் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் வரையுங்கள். சராசரிக் கோடு நேராக இருந்து, விலக்கம் ஓரத்தில் எகிறினால் கெழுக்கள் பெரிதாகிவிட்டன. சேனல் 8-ஐ நீக்கிவிட்டு மீண்டும் பொருத்துங்கள்.