கல் குறைவு, குழி அதிகம்: பழைய குவேக்கர் அடக்கநிலத்தை அளந்து பதிவது எப்படி?

குன்றடி:
வணக்கம். வடமேற்கு இங்கிலாந்தில், கம்பிரியா மலைச்சரிவில் உள்ள ஒரு குவேக்கர் (எளிமையை வலியுறுத்தும் கிறித்தவப் பிரிவினர்) அடக்கநிலத்தை எங்கள் ஊர் வரலாற்றுக் குழு பதிவு செய்யப்போகிறது. 12க்கு 18 மீட்டர் புல்தரை, சுற்றிலும் சாந்து பூசாத கற்சுவர், வாசலுக்கு மேல் 1681 என்று வெட்டிய கல். உள்ளே ஏழு கற்கள்தான் நிற்கின்றன. எல்லாம் 1850க்குப் பிந்தியவை, ஒரே அளவு. பதிவேட்டிலோ 130க்கு மேல் பெயர்கள். கைவசம் இருப்பவை 30 மீட்டர் நாடா மூன்று, உயர வித்தியாசம் அளக்கும் டம்பி லெவல், கேமரா. மண்ணின் மின்தடை அளக்கும் கருவி இரண்டு நாள் இரவல் கிடைக்கலாம். நிலத்தின் அறங்காவலர்கள் அனுமதி தந்துவிட்டார்கள். தோண்டும் எண்ணம் இல்லை. எங்கிருந்து தொடங்குவது? பெயர்களையும் குழிகளையும் பொருத்த வழி உண்டா?

பழம்பதிவு:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: அநேகமாக இல்லை. அதை இலக்காக வைத்தால் வேலை முழுவதும் ஊகமாகிவிடும்.

ஏழு கல்தான் என்பதில் வியப்பில்லை. கல் வைப்பது வீண் பெருமை என்று 1717இல் குவேக்கர்களின் தலைமை அவையான லண்டன் ஆண்டுக் கூட்டம் கண்டித்தது. 1766இல் மறுபடி வலியுறுத்தி, இருப்பவற்றை எடுக்கச் சொன்னது. எளிய, ஒரே மாதிரியான கல்லுக்கு இசைவு வந்தது 1850இல். ஆகவே உங்கள் ஏழும் கடைசிக் கட்டத்தவை. பென்சில்வேனியாவை நிறுவிய குவேக்கரான வில்லியம் பென், தென் இங்கிலாந்தின் ஜோர்டன்ஸ் அடக்கநிலத்தில் அடக்கமானது 1718இல். அங்கே இன்று காணும் கற்கள் 19ஆம் நூற்றாண்டில் நட்டவை. எந்தக் கல்லையும் குழிக்கு நேர் மேலே இருப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புல் வெட்ட வசதியாகச் சுவரோரம் நகர்த்தும் வழக்கமும் உண்டு. அடியில் வேறு நிறச் சாந்தோ புதுக் கான்கிரீட்டோ தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: பல இடங்களில் குடும்பம் குடும்பமாக அல்ல, இறந்த வரிசைப்படி அடக்கம் செய்தார்கள். கணவனும் மனைவியும் அருகருகே இருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. தலை மேற்கே, கால் கிழக்கே என்ற வழக்கமான கிறித்தவ முறையும் இங்கே உறுதியில்லை. சுவருக்கு இணையாகக் குழி வெட்டியிருக்கலாம்.

ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பாருங்கள். 12க்கு 18 என்றால் 216 சதுர மீட்டர். பெரியவர் குழிக்கு இடைவெளியோடு 2.2 சதுர மீட்டர் வைத்தால், சுவரை ஒட்டி வெட்டினாலும் 98தான் கொள்ளும். 130 பெயர் என்றால் குழந்தைகள் நிறைய இருக்க வேண்டும், அல்லது அதே இடத்தில் மறுபடி தோண்டியிருக்க வேண்டும், அல்லது சிலர் வேறெங்கோ அடங்கியிருக்க வேண்டும். பதிவேட்டில் இடப்பெயர்ப் பத்தியை வரிவரியாகப் பாருங்கள். தொடக்கக் காலத்தில் சொந்தத் தோட்டத்தில் அடக்கம் செய்தவர்களும் உண்டு.

அளவுநாடா:
பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் தொடக்கத்தில் போங்கள். புல் படுத்திருக்கும், பிரேக்கன் பெரணி கிளம்பியிருக்காது. முந்தைய வாரம் புல்லை வெட்டி, வெட்டியதை வாரி வெளியே போடச் சொல்லுங்கள்.

முதலில் கட்டம். சுவரை நம்பி அளக்க வேண்டாம். இந்த ஊர்ச் சுவர் எதுவும் செங்கோணத்தில் நிற்காது, மூலைகளும் சரிந்து சரிந்து மறுபடி கட்டியவை. உள்ளே 10க்கு 15 மீட்டர் செவ்வகம் போடுங்கள். மூலைவிட்டம் இரண்டும் 18.03 மீட்டர் வர வேண்டும். 2 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் என்றால் மறுபடி நாட்டுங்கள். முளை 15 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது, இரும்பு வேண்டாம். பிறகு வாசலின் கல் நிலையில் நிரந்தரமான இரண்டு புள்ளி பார்த்துக் கட்டத்தை அதோடு இணையுங்கள். மரம் இருந்தால் செயற்கைக்கோள் அளவி தடுமாறும். திறந்த வயலில் இரண்டு புள்ளி எடுத்து உள்ளே நாடாவால் கொண்டுவாருங்கள்.

அடுத்து உயரம். இதுதான் உங்கள் நிலத்தில் அதிகம் பேசப்போவது. மண் அமிழ்ந்த பள்ளங்கள் 5 முதல் 10 சென்டிமீட்டர் ஆழமே இருக்கும். அரை மீட்டருக்கு ஒரு புள்ளி எடுங்கள். வரிசை தெரியும் பகுதியில் கால் மீட்டர். உயரக்கோடு 5 சென்டிமீட்டர் இடைவெளியில் வரையுங்கள். விமானத்திலிருந்து லேசரால் தரையுயரம் அளந்து அரசு இலவசமாகத் தரும் 1 மீட்டர் லைடார் படத்தில் சுவர் தெரியும், குழி தெரியாது. அதில் நேரம் கழிக்காதீர்கள். காலைச் சாய்வெயிலில் ஏணி மேலிருந்து எடுக்கும் நாலு படம் அதைவிட மேல்.

மின்தடை அளவியில் இரட்டை முனை அமைப்பு (ஒரு இணை முனை நகரும், மற்றொரு இணை தொலைவில் நிலையாக நிற்கும்), நகரும் முனைகளுக்கு இடையே அரை மீட்டர், அரை மீட்டருக்கு ஒரு அளவு. 1 மீட்டர் இடைவெளியில் எடுத்தால் குழிகளைத் தாண்டிப் போய்விடும். பலரும் சறுக்குவது தொலை முனைகளில்தான். அவை கட்டத்திலிருந்து, முனை இடைவெளியைப் போல் முப்பது மடங்கு, அதாவது 15 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். உங்கள் அளவுக்கு அது சுவர் தாண்டிப் பக்கத்து வயலில் விழும். வயல்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள், ஆடு கம்பியைக் கடிக்காமல் ஒரு ஆளும் நிறுத்துங்கள். மண் உறைந்த நாளிலும் தண்ணீர் நிற்கும் நாளிலும் அளக்க வேண்டாம்.

கல்லோடு:
இரவல் வாங்குவதென்றால் மின்தடை அளவியை விட்டுவிட்டு, மண்ணுக்குள் ரேடியோ அலை அனுப்பி எதிரொலியைப் பதியும் தரை ரேடார் கேட்பேன். 400 முதல் 500 மெகாஹெர்ட்ஸ் ஆண்டெனா, கால் மீட்டர் இடைவெளியில் கோடுகள். குழியின் நீளத்துக்குக் குறுக்கே போனால்தான் அடையாளம் தெளிவாக வரும். திசை தெரியாததால் இரு திசையிலும் ஓட்டுங்கள்.

அளவுநாடா:
களிமண் கலந்த பனியாற்றுப் படிவில் ரேடாரா? களிமண் அலையை விழுங்கிவிடும், உருண்டைக் கற்கள் ஒவ்வொன்றும் ஒரு வளைவு காட்டும். முதலில் நிலவியல் வரைபடத்தைப் பாருங்கள். மணலோ சரளையோ என்றால் நீங்கள் சொல்வது சரி.

கல்லோடு:
ஒப்புக்கொள்கிறேன். எந்தக் கருவியானாலும், நிலம் பாதுகாக்கப்பட்ட தொல்சின்னமாக அட்டவணையில் இருந்தால், அரசின் மரபுப் பாதுகாப்பு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்திடம், தொல்சின்னச் சட்டத்தின் 42ஆம் பிரிவு உரிமம் வாங்காமல் இயக்கக் கூடாது. அறங்காவலர் அனுமதி அதற்கு ஈடாகாது.

ஏழு கற்களுக்கும் ஆளுக்கொரு தாள். உயரம், அகலம், கனம், முகம் பார்க்கும் திசை, கல் வகை, சாய்வு. எழுத்தை வரி பிரியும் இடத்தோடு அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். சாக்கட்டி, ஷேவிங் நுரை, கம்பித் தூரிகை, பிளீச் எதுவும் தொடக் கூடாது. கற்பாசியையும் சுரண்ட வேண்டாம். எழுத்து மங்கல் என்றால் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்புங்கள். வெயில் இல்லையா, கறுப்புத் துணியை மூடிக் கைவிளக்கைக் கல்லை ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள்.

படுத்த கல் புல்லுக்கடியில் இருக்கலாம். மழுங்கிய மூங்கில் குச்சியால் 10 சென்டிமீட்டர் வரை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள், அதற்குக் கீழே போகாதீர்கள். தட்டுப்பட்டால் இடத்தைக் குறிப்பதோடு நிறுத்துங்கள். புல்லை உரிக்க அறங்காவலரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

குன்றடி:
மிக்க நன்றி. பதிவேட்டில் “12ஆம் மாதம் 1690” என்று இருக்கிறது. டிசம்பர் என்று தட்டச்சு செய்யலாமா?

பழம்பதிவு:
கூடாது, அது பிப்ரவரி. நம் கணக்கில் 1691. கிழமை, மாதப் பெயர்கள் பிற தெய்வங்களுடையவை என்று குவேக்கர்கள் எண்ணால் எழுதினார்கள். 1752க்கு முன் அவர்களுக்கு முதல் மாதம் மார்ச். 1752 தொடங்கி முதல் மாதம் ஜனவரி. சிக்கல், பழைய முதல் மாதத்தின் 1 முதல் 24 வரை: சட்டப்படி ஆண்டு மாறுவது மார்ச் 25இல், சில எழுத்தர்கள் 1ஆம் தேதியே மாற்றிவிடுவார்கள். அட்டவணையில் இரண்டு பத்தி வையுங்கள்: ஏட்டில் உள்ளபடி ஒன்று, மாற்றியது ஒன்று. ஐயமான ஆண்டை 1701/2 என்று விடுங்கள்.

நீங்கள் பார்ப்பது எந்த ஏடு? லண்டனில் நண்பர்கள் சங்கத்தின் (குவேக்கர்களின் முறையான பெயர்) நூலகத்தில் உள்ளவை 19ஆம் நூற்றாண்டில் எடுத்த சுருக்கப் படிகள். அரசிடம் ஒப்படைத்த மூல ஏடுகள் கியூவில், தேசிய ஆவணக் காப்பகத்தில், ஆர்ஜி 6 வரிசையில் உள்ளன. சுருக்கத்தில் விட்டுப்போன குறிப்பு மூலத்தில் கிடைக்கும். 1776க்குப் பிறகு அச்சிட்ட படிவம் வந்ததால் வயது, வசிப்பிடம் ஒழுங்காக இருக்கும். அதற்கு முந்தைய பதிவுகளை மட்டுமாவது மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

அளவுநாடா:
முடித்ததும் வரைபடம், அளவு அட்டவணை, படங்கள் மூன்றையும் மாவட்டத்தின் தொல்லியல் பதிவகத்தில் கொடுங்கள். நிலம் தேசியப் பூங்காவுக்குள் என்றால் பூங்காவின் பதிவகம். படம் டிஃப் வடிவில், அட்டவணை வெறும் சிஎஸ்வியில். வரைபடத்தில் பள்ளம் என்று கண்டதைப் பள்ளம் என்றே எழுதுங்கள். “குழியாக இருக்கலாம்” என்பது வேறு நிறத்தில், தனி அடுக்கில் இருக்கட்டும்.