சோழத் தூதர் பெற்ற பட்டத்திற்கு எந்தச் சீன வினை?

நாகப்பட்டினத்திலிருந்து கேள்வி:
வணக்கம். சோழத் தூதருக்குச் சீனப் பேரரசர் பட்டம் அளித்த செய்தியை எங்கள் கண்காட்சிப் பலகையில் சீன மொழியில் எழுதுகிறோம். ‘ஷோவ்-யூ’ என்ற வினை பொருந்துமா? எங்கள் பள்ளிப் பரிசளிப்புக்கும் அதையே எழுதலாமா?

தஞ்சாவூரிலிருந்து பதில்:
பொருந்தும் ஐயா. அரசோ பல்கலைக்கழகமோ முறைப்படி முனைவர் பட்டம், பதக்கம், படைப்பதவி போன்றவற்றை அளிக்கும்போது வரும் வினை அது. பெறுபவரை முதலில் வைத்து, பட்டத்தைப் பின்னால் சொல்ல வேண்டும். பள்ளியில் கையில் கொடுக்கும் சான்றிதழுக்கும் பரிசுக்கும் ‘பான்-ஃபா’ போதும்.

கும்பகோணத்திலிருந்து பதில்:
‘ட்செ-ஃபெங்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது பேரரசர் ஆணையோலை தந்து ஒருவரை மன்னராகவோ அரசியாகவோ நிலைநிறுத்துவதைக் குறிக்கும். இராஜேந்திர சோழன் 1033இல் அனுப்பிய தூதர், சொங் பேரரசரின் அரியணையடியில் முத்துகளைத் தூவி வணங்கியவர். மறு ஆண்டு அவருக்குக் கிடைத்தவை அரசு அலுவலர்க்குரிய மதிப்புப் பட்டங்கள். அவற்றுள் ஒன்றின் பெயரிலேயே பொன் முத்திரையும் ஊதா நாடாவும் இருக்கின்றன. நம் கடற்கரைப் பிள்ளைகள் அவசியம் அறிய வேண்டிய செய்தி இது.

நாகப்பட்டினத்திலிருந்து:
மிக்க நன்றி. முத்து தூவியதையும் பலகையில் சேர்த்துவிடுகிறோம்.