கலைச்சொல்: பசுங்கூரை சரி, அதன் மேல் கொட்டுவதற்கு என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

கட்டடத்தின் மேல் செடி வளர்க்கும் கூரை (green roof) பற்றிய நம் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குத் தமிழ்ப் பெயர் தேடி இரண்டு வாரமாகக் 'கூரை'யிலேயே நிற்கிறோம். என் கவலை வேறோர் இடத்தில் இருக்கிறது. அதற்கு முன் கூரையை முடித்துவிடுகிறேன்.

பினாங்கு ஐயா தந்த 'பைங்கூரை'யில் இலக்கணக் குறை எதுவும் இல்லை. பசுமையும் கூழும் சேர்ந்து 'பைங்கூழ்' (பசும்பயிர்) ஆகி 550ஆம் குறளில் நிற்கிறது. நன்னூல் சொல்லும் அடியகரம் ஐயாதலும் ('ப' 'பை' ஆவது) இனமிகலும் (நடுவில் 'ங்' தோன்றுவது) இங்கும் பொருந்தும். ஆனால் கையேட்டைப் படிக்கப்போவது அடுக்குமாடிப் பராமரிப்பு ஆட்கள். 'பசுங்கூரை' என்றால் அவர்கள் தடுமாற மாட்டார்கள், அதுவும் இலக்கணத்தோடுதான் வருகிறது. 'பச்சைக் கூரை' வேண்டாம். என் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன், "பச்சைச் சாயம் அடிச்ச தகரமா?" என்றார். 'புற்கூரை' என்றாலோ தோட்டத்தில் (எஸ்டேட்டில்) வளர்ந்த தலைமுறைக்கு ஓலை வேய்ந்த அத்தாப்புக் குடிசைதான் கண்முன் வரும். ஈப்போ அக்கா 'வேய்'தலில் தொடங்கி மூங்கில், வேய்ங்குழல், வேய்த்தோள் என்று போன மடலை இரண்டு முறை ரசித்துப் படித்தேன். அதில் அவர் தந்த 'செடிவேய் தளம்' என்பதைக் கையேட்டில் சேர்க்க மட்டும் எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கூரையில் கீழிருந்து மேலாக வரும் நீர்க்காப்பு, வேர்த்தடுப்பு, வடிகால் அடுக்கு, வடிகட்டித் துணி ஆகிய நான்கின் பெயரிலும் சண்டை இல்லை. செடி வேரூன்றும் அடுக்கின் ஆழம் 15 செ.மீ.க்கு உட்பட்டால் மெல்லடுக்கு, அதற்கு மேல் ஆழடுக்கு என்பதையும் ஏற்றுக்கொண்டோம்.

இனி என் கவலை. துணிக்கு மேலே, செடிக்குக் கீழே வருவதை வரைவில் 'மண்' என்று எழுதியிருக்கிறோம். கோலாலம்பூரில் ஒரு மூன்றுமாடிக் கட்டடத்தில் பொருள் பட்டியலிலும் இதே சொல்தான் இருந்தது. ஆட்கள் தானா மேரா எனும் செம்மண்ணை மூட்டை மூட்டையாக ஏற்றிவிட்டார்கள். இங்கே மாலை மழை எப்படிப் பெய்யும் என்று உங்களுக்குத் தெரியும். சில மாதங்களில் கூரையில் தண்ணீர் தேங்கியது. துணியை உரித்தது நான்தான். அதன் மேல் களிமண் சந்தனம்போல் அப்பியிருந்தது. அதற்கடியில் வடிகால் அடுக்கு காய்ந்தே கிடந்தது, ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. பாரமும் சும்மா இல்லை. 10 செ.மீ. தோட்டமண் நனைந்தால் சதுர மீட்டருக்கு 160 முதல் 200 கிலோ வரை வரும். உடைத்த செங்கல், எரிமலை நுரைக்கல், சுட்ட களிமண் உருண்டை, தேங்காய் நார்த்தூள் இவற்றைக் கலந்தது என்றால் 100, 120 கிலோவோடு நிற்கும். மண் என்று எழுதினால் மண்தான் மேலே போகும். அவர்களை எப்படிக் குறை சொல்வது?

'மண்'ணுக்குப் பதிலாக வந்த பெயர்களில், 'வளர் ஊடகம்' என்றால் இன்று எல்லோருக்கும் தொலைக்காட்சிதான் நினைவுக்கு வரும். 'நடுகலவை' கண்ணில் பட்டதும் 'நடுகல்' என்று படித்து, வீரன் பெயரைத் தேட வைக்கும். 'கலவை'யில் முடியும் எந்தச் சொல்லுக்கும் கிள்ளான் தம்பி சொன்ன தடை உண்டு: கட்டுமான இடத்தில் கலவை என்றால் சிமெண்டுதான். அவர் சொல்வது சரி.

பினாங்கு ஐயாவே பிறகு தந்த 'நொய்ம்மண்' என்னைப் பிடித்துக்கொண்டது. நொய்ம்மை என்றால் இலேசு. நொய் என்றால் குருணை. கையில் அள்ளினால் இந்தப் பொருள் இரண்டுமாக இருக்கிறது. அதிலும் 'மண்' ஒட்டிக்கொண்டிருப்பதால், 'நொய்' என்ற ஒற்றைச் சொல்லையே வைக்கலாம் என்கிறேன். "நொய் நாலு மூட்டை ஏத்து" என்று கீழிருந்து கூப்பிட்டால் காதில் தெளிவாக விழும். கஞ்சிக்கு உரிய சொல்லாயிற்றே என்று அக்கா கேட்டார். அரிசியைக் கூரையில் கொட்ட யாரும் வரப்போவதில்லை அக்கா.

பெரும்பான்மை 'இலகு மண்' பக்கம் சாய்ந்திருப்பதைப் பார்க்கிறேன். இத்தனை மடல்களுக்குப் பிறகு எல்லோரும் களைத்துவிட்டோம். உரையில் அதுவே போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் தொலைபேசியில் 'இலகு' உதிர்ந்து 'மண்' மட்டும்தான் மிஞ்சும். ஆகவே குறுக்குவெட்டுப் படத்தில் அந்த அடுக்கின் மேல் மட்டும் 'நொய்' என்று எழுதி, பக்கத்திலேயே 'தோட்டமண் கொட்டக்கூடாது' என்று சேர்க்க அனுமதி கேட்கிறேன். படம் வரைபவர் வியாழன் இரவு வரை காத்திருப்பார்.