தொப்பிக்கு ரவை வைக்கலையா? 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' கேட்ட அனுபவங்கள்

அல்சூர் ரசிகன்:

அமெரிக்க மெட்டல் குழு மெட்டாலிகாவின் இந்த 1988 ஆல்பம் இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும், அதனால் அறிமுகம் வேண்டாம். இதில் பாஸ் (அடிச்சத்தம் தருகிற கிட்டார்) கேட்காது என்கிற பழைய சண்டையைக் கிளப்பவும் வரவில்லை. ஒரு கேள்வி பல வருஷமாக உறுத்துகிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

1996 அல்லது 97 இருக்கும். பெங்களூர் அல்சூரில் பெரியப்பா வீட்டு மாடியில் குடியிருந்தோம். பெரியப்பா மிருதங்கம் வாசிப்பவர், சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். என்னிடம் இருந்தது நண்பனிடம் வாங்கிப் பதிந்த கேசட். அன்றைக்குக் கதவைச் சாத்த மறந்துவிட்டேன். இரண்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது பெரியப்பா படியேறி வந்து வாசலில் நின்றார். வகுப்பு ஆரம்பிக்கிற நேரம். கையில் ஈர ரவை. மிருதங்கத்தின் இடது பக்கம் தொப்பி, அதில் ரவையை அப்பினால்தான் அடிச்சத்தம் வரும்; வலது பக்கம் வலந்தலை. ரவையைப் பெருவிரலால் பிசைந்துகொண்டே நின்றார். திட்டப்போகிறார் என்று வால்யூமைக் குறைக்கப் போனேன். "இருடா" என்றார். பத்து நிமிஷப் பாட்டு அது, முடிகிறவரை நகரவில்லை. அப்புறம் கேட்டார்: "வலந்தலை நல்லா பேசுது. தொப்பிக்கு ரவை வைக்கலையா?"

"காப்பி கேசட் பெரியப்பா, சவுண்ட் அப்படித்தான் இருக்கும்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். வாசல்படியில் ரவைத் தண்ணீர் இரண்டு சொட்டு கிடந்தது.

கேசட் மேல் குற்றமில்லை. பிறகு சிடி வாங்கினேன், அதிலும் அப்படியேதான். 2011 அக்டோபர் 30, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் மெட்டாலிகா கச்சேரி. பின்னாளில் குழுவில் சேர்ந்த ராபர்ட் ட்ருஹியோவின் பாஸ் நெஞ்சுக்கூட்டில் வந்து முட்டியபோதுதான் அந்த ரவை ஞாபகம் வந்தது. ஒரே தடவை கேட்டவருக்குத் தெரிந்தது, தினமும் கேட்ட எனக்குப் பதினாலு பதினைந்து வருஷம் ஆனது. அவர் கேட்டது ஒரு வித்வானின் கேள்வி. நான் சொன்னது கேள்வியை மூடிவைக்கிற பதில்.

நான்கு கம்பி:

ரசிகன், உங்கள் பெரியப்பா சொன்னது சரி. ஆனால் "பாஸ் கேட்காது" என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, இந்த ஆல்பத்தின் பாஸ்காரர் ஜேசன் நியூஸ்டெட் வாசிக்கவே இல்லை என்பதுபோல ஆகிவிட்டது. அதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் வாசித்தார். பதிவு செய்த தயாரிப்பாளர் ஃப்ளெமிங் ராஸ்முஸன், அந்த பாஸ் அருமையாக இருந்தது என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். மிக்ஸிங், அதாவது பதிந்த வாத்தியங்களை அளவு பார்த்துச் சேர்க்கிற வேலை, நடந்தபோது அவர் அங்கே இல்லை. மிக்ஸிங்கில் இருந்த ஸ்டீவ் தாம்ப்ஸன், டிரம்மர் லார்ஸ் உல்ரிக்தான் குறைக்கச் சொன்னார் என்று பேட்டியில் சொன்னார். இன்னொரு காரணமும் உண்டு: நியூஸ்டெட் பல இடங்களில் கிட்டார் போகிற வழியிலேயே ஒட்டிப் போகிறார், ஹெட்ஃபீல்டின் கிட்டாரில் ஏற்கெனவே அடிச்சத்தம் அதிகம். இரண்டும் ஒன்றாகி, ஒன்று மறைந்துவிடுகிறது.

என் கதை சின்னது. கல்லூரி பேண்டில் பாஸ் வாசித்தேன். ஃப்ரேசர் டவுனில் வாடகைக்கு எடுத்த பயிற்சி அறை, நான்கு பேர், ஒரு மின்விசிறி. இந்த ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டு எடுத்தோம். கிட்டார் நண்பன் சொன்னான்: "மச்சி, நீ கொஞ்சம் குறைச்சுக்கோ, ஆல்பத்துல அப்படித்தானே இருக்கு." குறைத்துக்கொண்டேன். ஆண்டு விழாவில் அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். இறங்கி வந்ததும் என் கையைப் பிடித்து விரல் நுனிகளைத் தடவிப் பார்த்தார். கொப்புளம். "இவ்வளவு வாசிச்சிருக்கே, எதுப்பா உன் சத்தம்?" என்றார்.

முந்தைய பாஸ்காரர் கிளிஃப் பர்ட்டன் 1986 செப்டம்பரில் ஸ்வீடனில் பஸ் கவிழ்ந்து இறந்துபோனார். துக்கம் புரிகிறது. அந்த இடத்துக்கு வந்த நியூஸ்டெட்டை வருஷக்கணக்கில் வெளியாள் மாதிரி நடத்தியது துக்கத்தில் சேராது. பாஸைக் கூட்டி ரசிகர்கள் வெளியிட்ட வடிவங்கள் இணையத்தில் கிடைக்கின்றன, பெரியப்பாவுக்கு அதைப் போட்டுக் காட்டுங்கள்.

கரோல் பாக் தமிழ்ப்பெண்:

நானும் அந்த பேலஸ் கிரவுண்ட்ஸ் கூட்டத்தில் இருந்தேன். ஆனால் டெல்லி வழியாக.

அக்டோபர் 28, குர்கானில் நடக்கவேண்டிய நிகழ்ச்சி. மத்தியானத்திலிருந்து வரிசையில் நின்றேன். சாயங்காலம் தடுப்பு சாய்ந்தது, தள்ளுமுள்ளு, அப்புறம் இன்றைக்கு இல்லை என்றார்கள். கோபத்தில் சிலர் மேடைப் பொருள்களை உடைத்தார்கள். அப்பாவிடம் போனில் அழுதேன். அவருக்கு ராக் என்றால் என்னவென்று தெரியாது. "பெங்களூர்ல சித்தி இருக்கால்ல, போய்ட்டு வாம்மா" என்றார். மறுநாள் கிளம்பிவிட்டேன்.

எனக்கு நினைவில் நிற்பது ஒரே இடம்தான். 'ஒன்' பாட்டுக்கு முன்னால் விளக்கெல்லாம் அணைந்து, இருட்டில் துப்பாக்கிச் சத்தம், வெடிச்சத்தம். போரில் கை, கால், கண், காது, பேச்சு எல்லாம் இழந்து உயிர் மட்டும் மிஞ்சிய சிப்பாயின் பாட்டு அது. எனக்கு முன்னால் ஒரு பெரியவர், அறுபதுக்கு மேல் இருக்கும், வெள்ளை முடி ராணுவ வெட்டு. எல்லோரும் கத்தும்போது அவர் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் ஒட்டி, அட்டென்ஷனில் நின்றார். பாட்டு முழுக்க அப்படியே. கிட்டார் இயந்திரத் துப்பாக்கி மாதிரி அடிக்கிற கட்டத்தில்கூட அசையவில்லை. பேச்சுக் கொடுக்கத் தைரியம் வரவில்லை.

நான்கு கம்பி, நீங்கள் சொல்கிற பாஸ் அரசியல் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பாட்டுக்கு அந்த வறட்சிதான் பொருத்தம். உடம்பே இல்லாதவனின் பாட்டுக்கு எதற்குக் கொழுத்த சத்தம்?

நான்கு கம்பி:

அந்த ஒரு பாட்டுக்குச் சரி. மீதி எட்டுப் பாட்டுக்கு?

இரவுக் காது:

நான் ஒலித்துறையில் இருக்கிறேன், அதனால் ஒரு வார்த்தை. இந்த ஆல்பத்தை முதலில் கேட்டது ரயிலில், மெஜஸ்டிக்கிலிருந்து சேலம் போகும்போது, நண்பனின் வாக்மேனில். ஓசூர் தாண்டியதும் பேட்டரி தீர்ந்தது. என் கதை அவ்வளவுதான்.

இனி, கேட்பவர்கள் கவனத்துக்கு. பாஸ் கிட்டாரின் அடிக்கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். கிட்டாரின் அடிக்கம்பி சுமார் 82. செல்போன் ஸ்பீக்கரில் இரண்டுமே ஒழுங்காக வராது, மேல் ஒலிகளை வைத்து மூளைதான் நிரப்பிக்கொள்கிறது. ஆகவே போனில் கேட்டுவிட்டு யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அடுத்து, ஈக்வலைசரில் பாஸைத் தூக்கினால் நியூஸ்டெட் வந்துவிடுவார் என்று பலர் நினைக்கிறார்கள். வர மாட்டார். மிக்ஸிங்கில் இறக்கிய வாத்தியத்தைத் தனியாகத் தூக்க ஈக்வலைசரால் முடியாது. அந்த அலைவரிசையில் இருக்கிற எல்லாமே ஏறும். முதலில் ஏறுவது கிக் டிரம்மும் (காலால் அடிக்கிற பெரிய டிரம்) கிட்டாரின் உறுமலும்தான். கிக்கின் 'டிக் டிக்' மேல் ஒலியில் இருக்கிறது, அது அப்படியே நிற்கும். குழம்பில் உப்பு குறைந்தால் போடலாம், புளி குறைந்ததற்கு உப்பைப் போட்டால் சரியாகாது.

2018-ல் வந்த மறுபதிப்பிலும் ஏமாறாதீர்கள். அது ரீமாஸ்டர் மட்டும், அதாவது சேர்த்து முடித்த ஒலியை மெருகேற்றியது; மிக்ஸ் பழையதுதான். அறை அமைதியாக இருக்கட்டும், ஸ்பீக்கரைச் சுவர் மூலையில் வைக்காதீர்கள், ராத்திரி பத்து மணிக்கு மேல் குறைந்த சத்தத்தில் கேளுங்கள். கச்சேரிக்குப் போனால் காதடைப்பான் கட்டாயம். காதுக்குள் விசில் சத்தம் வந்து இரண்டு நாள் போகாமல் இருந்தால் டாக்டரிடம் போங்கள், தள்ளிப்போடாதீர்கள். என் துறையில் அப்படித் தள்ளிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான்கு கம்பி:

ஐயா, உங்கள் ஈக்வலைசர் பாடம் சரிதான். ரசிகன் கேட்டது பெரியப்பாவைப் பற்றி.

பீன்யா ஷிஃப்ட்:

எனக்கு மெட்டாலிகா அவ்வளவாகத் தெரியாது, நான் பிளாக் சபாத் என்கிற இங்கிலாந்து குழுவின் ஆள். ஆனால் மிருதங்கம் என்றதும் எழுதத் தோன்றியது.

பெங்களூர் பீன்யாவில், தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் வேலை. கூட வேலை செய்தவன் தஞ்சாவூர் பக்கம், ஊரில் தவில்காரர் குடும்பம். திருவிழாவுக்கு லீவு போட்டுப் போய் வாசித்துவிட்டு வருவான். ஒரு ராத்திரி ஷிஃப்டில் தகடு நழுவி, வலது கை மோதிர விரல் நுனி போய்விட்டது. சத்தமே போடவில்லை. கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, என்னைத் தேடி நடந்து வந்தான்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. சபாத்தின் கிட்டார்காரர் டோனி அயோமி கதையைச் சொன்னேன். பர்மிங்காமில் தகடு வேலை, பதினேழு வயது, அந்த வேலையில் கடைசி நாள், வலது கையில் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயின. இடதுகைக்காரர் என்பதால் கம்பியை அழுத்துகிற கை அது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார். மெல்லிய கம்பி போட்டார். 1971 வாக்கில் சுருதியையும் இறக்கிக் கம்பியைத் தளர்த்தினார். நாம் கேட்கிற அந்தக் கனத்த சத்தத்தில் இதற்கும் பங்கு உண்டு. போனில் அவர் கைப் படத்தை எடுத்துக் கொடுத்தேன்.

அவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். ரொம்ப நேரம். அப்புறம் சொன்னான்: "கூடு போட்டிருக்காரு."

தவில்காரர்கள் வலது கை விரல்களில் போட்டுக்கொள்கிற கூடு. எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை.

கரோல் பாக் தமிழ்ப்பெண்:

பீன்யா, அவர் இப்போது வாசிக்கிறாரா?

பீன்யா ஷிஃப்ட்:

ஊருக்குப் போய்விட்டான். போன மாசிக்கு ஒரு வீடியோ அனுப்பினான், கூட்டத்துக்கு நடுவில். அந்த ஒரு கூடு மட்டும் மற்றதைவிட நீளம்.

அல்சூர் ரசிகன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நான்கு கம்பி சொன்னபடி பாஸ் கூட்டிய வடிவத்தை இறக்கி, போன மாதக் கடைசி ஞாயிறு பெரியப்பாவிடம் எடுத்துப் போனேன். இப்போது அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. வாசிப்பதை நிறுத்திவிட்டார், மிருதங்கம் உறை போட்டு அலமாரி மேல் இருக்கிறது. ஹெட்ஃபோன் வேண்டாம் என்றார், ஸ்பீக்கரில் போட்டேன்.

முதலில் மன்னிப்புக் கேட்டேன். கேசட் பழுது இல்லை, அவர்களே குறைத்ததுதான் என்று சொன்னேன். அவருக்கு அப்படிக் கேட்டதே ஞாபகம் இல்லை. இத்தனை வருஷம் நான் தூக்கிச் சுமந்தது அவரிடம் இல்லவே இல்லை.

பாட்டைப் போட்டேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "இது வேற யாரோ வச்ச ரவைடா. அவங்க எப்படி வச்சாங்களோ அதைப் போடு."

நான்கு கம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

பழைய சிடியைப் போட்டேன், முதல் பாட்டிலிருந்து. கண்ணை மூடிக்கொண்டு தொடையில் விரல் விட்டு எண்ணினார். ஓர் இடத்தில் விரல் தடுக்கியது. "திரும்பப் போடு." போட்டேன். மறுபடியும் எண்ணினார். மூன்றாவது தடவை விரல் சரியாக வந்து விழுந்தது. "ஏழுடா. இங்க ஏழு வருது. மிஸ்ரம்." சொல்லும்போது குரல் பழைய வகுப்புக் குரலாக இருந்தது. தகிட தகதிமி என்று வாயால் சொல்லி, கிட்டாரோடு சேர்ந்து போனார். தாளம் மாறியதும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

அடிக்கிறவர் பெயர் என்ன என்று கேட்டார். லார்ஸ் என்றேன். "அவருக்குத் தன் சத்தம் மேல ஆசை ஜாஸ்தி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பாட்டு என்று வைத்திருக்கிறோம். ஒன்பதில் மூன்று முடிந்திருக்கிறது. நாலாவதுதான் 'ஒன்'. அந்தப் பெரியவர் அட்டென்ஷனில் நின்றதைச் சொல்லிவிட்டுப் போடலாம் என்று இருக்கிறேன்.