வாய்வு என்று நினைத்தேன், கணையமாம்

சோடாபுட்டி:
ராத்திரி பதினொன்றரைக்கு நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி. வாய்வுதான் என்று ஓமத் தண்ணீர் குடித்தேன். அரைமணி நேரத்தில் வலி நேராக முதுகுக்குப் பாய்ந்தது. மல்லாந்து படுக்க முடியவில்லை. தலையணையைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்தால் மட்டும் கொஞ்சம் தாங்கலாம். பக்கத்து ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், நார்மல். வாய்வுக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள்.

விடிவதற்குள் நான்கு தடவை வாந்தி. வேறு இடத்துக்குப் போனோம், அங்கே ரத்தத்தில் லைப்பேஸ் என்ற கணைய நொதியின் அளவைப் பார்த்தார்கள். வழக்கமான அளவைப்போல மூன்று மடங்கைத் தாண்டினாலே கணைய அழற்சியைச் சந்தேகிப்பார்களாம். எனக்குப் பத்து மடங்கு.

காரணம், பித்தப்பையிலிருந்து நழுவிய ஒரு கல். டாக்டர் ஸ்கேன் கவரின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். பித்தக்குழாயும் கணையக்குழாயும் கடைசியில் சேர்ந்து முன்சிறுகுடலில் ஒரே வாயில் திறக்கின்றன. அங்கே கல் அடைத்தால் கணைய நீர் தேங்கும். குடலுக்குப் போன பிறகு விழிக்க வேண்டிய நொதிகள் கணையத்துக்குள்ளேயே விழித்து அதையே அரிக்கத் தொடங்கும். ஐந்து நாள் டிரிப்ஸ், அப்புறம் பித்தப்பையை எடுத்தார்கள்.

வெள்ளரிக்கொடி:
முதலாண்டு உடற்கூறியல் வகுப்பில் கணையத்தைத் தேடி நாங்கள் பட்ட பாடு! இரைப்பையைத் தூக்கினால்தான் தெரியும், அதுவும் கொழுப்போடு கொழுப்பாக. ஒரு சாண் கூட வராது, சுமார் 15 செ.மீ. தலைப்பகுதி முன்சிறுகுடலின் வளைவுக்குள் உட்கார்ந்திருக்கும், வால் இடப்பக்கம் மண்ணீரலைத் தொடும். பின்னால் முதுகெலும்பு, அதனால்தான் உங்களுக்கு முதுகுவலி. 1642-ல் இத்தாலியின் பாதுவா நகரில் விர்சங் என்ற உடற்கூறியல் அறிஞர் இதன் குழாயைக் கண்டு செப்புத் தகட்டில் செதுக்கி, ‘இது எதற்கு?’ என்று மற்ற அறிஞர்களைக் கேட்டார். பதில் வருமுன்னே, மறு வருடம், யாரோ சுட்டுக் கொன்றுவிட்டார்கள், பாவம்.

ஒத்தையடிப்பாதை:
கணையம் என்றாலே எல்லோருக்கும் சுகர்தான் ஞாபகம் வருகிறது. இன்சுலின் சுரக்கும் திட்டுகள் அதில் 1 முதல் 2 சதவீதம்தான்; மிச்சமெல்லாம் செரிமான வேலை. இது என் தம்பியால் தெரிந்துகொண்டது. நாள்பட்ட கணைய அழற்சி அவனுக்கு. கொழுப்பு செரிக்காமல் மலம் தண்ணீரில் மிதந்தது, ஆள் பாதியானான். இப்போது ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் நொதி மாத்திரை. கல்யாணப் பந்தியில் இலை போட்டதுமே கை சட்டைப்பைக்குப் போகும். மாத்திரையை மறந்து வந்த அன்றைக்கு நெய்யையும் வடையையும் என் இலைக்குத் தள்ளிவிட்டு ரசம் சாதத்தோடு எழுந்துவிடுவான்.